சிஸ்டம்ல காட்டலையே, சார்!

உங்களுக்கும் நடந்திருக்கும். பணம் கட்டியிருப்பீர்கள். ரசீது எங்கேயோ போயிருக்கும். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் திரையைப் பார்த்தபடி, உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்வார்: 'சிஸ்டம்ல காட்டலையே, சார்.' அதற்கு மேல் பேச்சில்லை. கோயிலில் பூசாரி 'உத்தரவு கிடைக்கலை' என்று சொன்ன மாதிரி.

இந்த வாக்கியத்தை கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்று நானே சொல்லும் பாக்கியம் ஒருமுறை கிடைத்தது.

ப்ரோக்ராம் எழுதுவது எனக்குத் தொழில் இல்லை, வியாதி. சிலர் ஞாயிற்றுக்கிழமை மீன்தொட்டி கழுவுவார்கள். நான் பழைய லாப்டாப்பில் லினக்ஸ் போடுவேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் செல்போனுக்குச் செய்தி வருகிற மாதிரி ஒரு சர்க்யூட் செய்வேன். (தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் அதற்கு முன்பே கேட்டுவிடும், அது வேறு விஷயம்.) இப்படி ஒரு ஆள் ஃப்ளாட்டில் இருந்தால் அசோசியேஷன் விடுமா? 'மெயின்டனன்ஸ் கணக்குக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதிக் குடுங்களேன், சும்மாத்தானே இருக்கீங்க' என்றார் செக்ரட்டரி.

எழுதிக் கொடுத்தேன். கூடவே ஒரு யோசனையும் சொன்னேன்: ரசீதுப் புத்தகம் எதற்கு? காகிதம் தண்டம். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே! கைதட்டினார்கள்.

நாலு மாதம் கழித்து பாக்கிப் பட்டியல் ஒட்டினோம். அதில் முதல் மாடி, ஈ ப்ளாக், நாலாம் நம்பர் வீடு. சுருக்கமாக 1ஈ4. மாதம் 3,000 வீதம் பாக்கி 12,000 ரூபாய். அந்த வீட்டில் இருப்பவர் ரிடையர்டு ஹெட்மாஸ்டர். ஒன்றாம் தேதி பணத்தை எண்ணி கவரில் போட்டு ஆபீஸில் கொண்டுவந்து கொடுக்கிறவர்.

'நான் கட்டிட்டேனே, தம்பி' என்றார்.

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். 'சிஸ்டம்ல காட்டலையே, சார்.' அதோடு நிறுத்தியிருக்கலாம். 'கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, சார்' என்று வேறு சேர்த்துக்கொண்டேன்.

அவர் வாக்குவாதம் செய்யவில்லை. மறுநாள் 12,000 ரூபாயை என் கண் முன்னால் எண்ணி வைத்தார். க்ளார்க் பெண் பதிவு செய்தார். நான் ப்ரோக்ராமை ஓட்டினேன். 1ஈ4, பாக்கி 12,000.

ராத்திரி 2 மணிக்குக் கிடைத்தது பூச்சி. எக்ஸெல்லில் ஒரு எண், நடுவில் ஈ என்ற ஆங்கில எழுத்து, பிறகு ஒரு எண் என்று அடித்தால், அது வீட்டு நம்பர் என்று எக்ஸெல்லுக்குத் தெரியாது. விஞ்ஞானிகள் பெரிய எண்களை எழுதும் முறை என்று எடுத்துக்கொள்ளும். 1ஈ4 என்றால் 1-க்குப் பின்னால் 4 சைபர், அதாவது 10,000. பத்தாவது மாடியில் 10ஈ3 என்று ஒரு வீடு. 10-க்குப் பின்னால் 3 சைபர். அதுவும் 10,000! இரண்டு வீடும் ஒன்றாகிவிட்டது. ஹெட்மாஸ்டர் கொடுத்த பணமெல்லாம் பட்டியலில் முதலில் இருந்த பத்தாவது மாடிக்காரர் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஈ ப்ளாக்கில் இப்படி இன்னும் இரண்டு ஜோடி இருந்தது. அவர்கள் பேங்க் மூலம் கட்டுவதால் தப்பித்தார்கள். பத்தாவது மாடிக்காரருக்கு 24,000 ரூபாய் அட்வான்ஸ் காட்டியது. அவர் வாயே திறக்கவில்லை. அவரும் கம்ப்யூட்டரை நம்பியிருக்கிறார்.

ப்ரோக்ராமில் வரும் தப்புக்குப் பூச்சி என்று பெயர். என் ப்ரோக்ராமில் இருந்தது ஈ.

எனக்குத் துணைக்குப் பெரிய ஆட்களும் இருக்கிறார்கள். மனித ஜீன்களில் ஒன்றுக்கு மார்ச்1 என்று பெயர். எக்ஸெல் அதை மார்ச் மாதம் 1-ம் தேதி ஆக்கிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எல்லாம் தேதிகள் நுழைந்துவிட்டன. கடைசியில், 2020-ல், ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு ஜீன்களின் பெயரையே மாற்றியது. மென்பொருளை மாற்ற முடியவில்லை, மனிதனின் ஜீன் பெயரை மாற்றிவிட்டார்கள்.

சரி, விளையாட்டை விடுங்கள். என்னை உறுத்தியது வேறு. ஹெட்மாஸ்டர் இரண்டாம் முறை கட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் ப்ரோக்ராமைச் சந்தேகப்பட்டேன். முதல் முறை 'கட்டிட்டேனே, தம்பி' என்று அவர் வாயால் சொன்னார். அப்போது சந்தேகப்படவில்லை. வாழ்நாளில் ஒரு ரூபாய்க்குப் பொய் சொல்லாத மனிதரையும், நாலு மாதம் முன்பு நானே அவசர அவசரமாக எழுதிய ப்ரோக்ராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ப்ரோக்ராமை நம்பினேன். ஏன்?

* * *

இதே கேள்வியை ஒரு தேசம் 20 வருஷத்துக்கு மேல் கேட்காமல் விட்ட கதை தெரியுமா?

பிரிட்டனில் சின்னச் சின்ன ஊர்களில் போஸ்ட் ஆபீஸை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்கள் இல்லை. மளிகைக் கடை, பேப்பர் கடை வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தில் நடத்துவார்கள். 1999-லிருந்து இவர்களுக்கு ஹொரைஸன் என்ற கம்ப்யூட்டர் சிஸ்டம் வந்தது. ஃபுஜிட்ஸு கம்பெனி பராமரித்தது. சாயங்காலம் கணக்கு முடித்தால் பணம் குறையும். 100 பவுண்டு, 1,000 பவுண்டு, சில சமயம் பத்தாயிரக்கணக்கில். ஒப்பந்தப்படி குறைந்தால் கடைக்காரர்தான் கட்டவேண்டும். சேமிப்பைப் போட்டார்கள், வீட்டை அடமானம் வைத்தார்கள். உதவிக்குப் போன் செய்தால் பலருக்கும் கிடைத்த பதில்: 'வேறு யாருக்கும் இந்தப் பிரச்னை இல்லை, உங்களுக்கு மட்டும்தான்.'

இந்த ஒரு பொய் போதும், மனிதனை உடைக்க. நூற்றுக்கணக்கான ஊர்களில் நூற்றுக்கணக்கான பேர், தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு இரவெல்லாம் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

1999-க்கும் 2015-க்கும் நடுவில் 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, மோசடி, பொய்க்கணக்கு என்று தண்டிக்கப்பட்டார்கள். பலர் சிறைக்குப் போனார்கள். இந்தியாவிலிருந்து போய்க் குடியேறிய ஒரு பெண், 2010-ல், வயிற்றில் குழந்தையோடு ஜெயிலுக்குப் போனார். ஊர் திருடி என்றது. ஆலன் பேட்ஸ் என்பவர், வேல்ஸில் போஸ்ட் ஆபீஸ் நடத்தி 2003-ல் ஒப்பந்தத்தை இழந்தவர், விடாமல் ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போனார். 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 டிசம்பரில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார்: சிஸ்டத்தில் பூச்சிகள் இருந்தன. கடைக்காரருக்குத் தெரியாமலே ஃபுஜிட்ஸு ஆட்கள் தூரத்திலிருந்து அவர் கணக்குக்குள் கைவைக்க முடிந்தது. தபால் துறை அதைப் பல வருஷம் மறுத்துவந்தது. அவர்கள் வாதம் பூமி தட்டை என்று இந்த நூற்றாண்டில் சாதிப்பதற்குச் சமம் என்றே எழுதினார் அந்த நீதிபதி. 2021-ல் மேல்முறையீட்டில் ஒரே நாளில் 39 பேர் தண்டனை ரத்தானது. 2024-ல் தனிச் சட்டம் போட்டு மற்றவர்களை விடுவித்தார்கள். 2025 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை, குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது. சட்டம் போட்டு அவர்களை விடுவிக்க முடியாது.

இதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. முன்பெல்லாம் பிரிட்டனில் கம்ப்யூட்டர் கொடுத்த காகிதத்தைச் சாட்சியாக வைத்தால், அந்தக் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டவேண்டும். 1999-ல் கொண்டுவந்த ஒரு சட்டம் அந்த விதியை நீக்கியது. அதன் பிறகு, கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்பது அனுமானம். தப்பு என்றால் நீ காட்டு. எப்படிக் காட்டுவது? கடைக்காரர் கையில் இருப்பது கீ-போர்டும் ஒரு திரையும்தான்.

* * *

நீங்கள் இப்போது ஒரு கேள்வி கேட்பீர்கள். 'அதுக்காக, சொல்ற எல்லாரையும் நம்பிட முடியுமா? மனுஷன் சொல்ற பொய்யில் பத்தில் ஒரு பங்குகூட மெஷின் சொல்லாதே?'

நியாயம். எங்கள் ஃப்ளாட்டிலேயே, கட்டாமல் 'கட்டிட்டேன்' என்று சத்தியம் செய்யும் ஆசாமி ஒருவர் இருக்கிறார். எல்லோரையும் நம்பினால் லிஃப்ட்டுக்குக் கரன்ட் பில் யார் கட்டுவது?

நான் கேட்பது யாரை நம்புவது என்பதை இல்லை. சந்தேகம் வந்தால் சரிபார்க்கும் வேலை யாருடையது? பெட்டியைத் திறந்து பார்க்க யாரால் முடியுமோ அவருடையது. ஹெட்மாஸ்டரால் என் ப்ரோக்ராமுக்குள் பார்க்க முடியாது, என்னால் முடியும். பார்க்க முடிந்தவன் பார்க்காமல், பார்க்க முடியாதவரிடம் 'நிரூபிங்க' என்று சொல்வதுதான் அநியாயம். கணக்கில் 12,000 தப்பாகப் போனது பிழை. நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் பாவம்.

இது நமக்குப் புதிய பாடமும் இல்லை. பாண்டியன் அரண்மனையில் என்ன நடந்தது? பொற்கொல்லன் சொன்னான், ராஜா நம்பினான், கோவலன் உயிர் போயிற்று. சிலம்பை உடைத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகாது. உள்ளே முத்தா, மாணிக்கமா என்று தெரிந்திருக்கும். உடைக்கும் அதிகாரம் முதல் நாளே ராஜா கையில் இருந்தது. கடைசியில் உடைத்தவள் கண்ணகி.

இதைப் புரிந்துகொண்டு போட்ட விதிகளும் உண்டு. ஏ.டி.எம்.மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிடுகிறதே, அதற்கு ரிசர்வ் வங்கி 2019-ல் ஒரு விதி போட்டது. நீங்கள் புகார் கொடுக்காவிட்டாலும், 5 நாளுக்குள் வங்கியே பணத்தைத் திருப்பிப் போடவேண்டும். தாமதமானால் நாளைக்கு 100 ரூபாய் உங்களுக்கு. மெஷினைத் திறக்கும் சாவி வங்கியிடம் இருக்கிறது, பொறுப்பும் அங்கேயே. ரேஷன் கடையில் கைரேகை பதியாமல் திரும்பும் பாட்டியை நினைத்துப் பாருங்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து அழிந்த ரேகை. 'மெஷின் எடுக்க மாட்டேங்குது, பாட்டி' என்கிறார்கள். மெஷினின் குறை பாட்டியின் விரலில் ஏறிவிடுகிறது.

தெராக்-25 என்று ஒரு கதிர்வீச்சு சிகிச்சை மெஷின், கனடாவில் தயாரானது. 1985-க்கும் 1987-க்கும் நடுவில் 6 நோயாளிகளுக்குப் பல மடங்கு கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் இறந்தார்கள். அதிகமாகப் பாய வழியே இல்லை என்றது கம்பெனி. டெக்ஸஸில் ஒரு ஆஸ்பத்திரியில் பௌதிக நிபுணரும் மெஷினை இயக்கிய பெண்ணும் உட்கார்ந்து, அன்றைக்கு என்ன தட்டச்சு செய்தோம் என்று திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கிடைத்தது. பழகிய கை, 8 செகண்டுக்குள் திருத்தம் செய்துவிட்டால் மெஷின் குழம்புகிறது. முந்தைய மாடலிலும் இதே பூச்சி இருந்ததாம். அதில் ஃப்யூஸ் போய் நோயாளி தப்பித்துவிடுவார். புது மாடலில் 'அதான் ஸாஃப்ட்வேர் இருக்கே' என்று அந்தக் காவலை எடுத்துவிட்டார்கள். நான் ரசீதுப் புத்தகத்தை ஒழித்த மாதிரி.

இனிமேல் இது இன்னும் சிக்கல். இப்போது கடன் தரலாமா, வேலைக்கு எடுக்கலாமா என்று யோசனை சொல்ல வந்திருக்கும் ஏ.ஐ. மெஷின்களில், ஈ எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று செய்தவரே முழுதாகச் சொல்ல முடியாது. திறக்கத் தெரியாத பெட்டியை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொல்கிறவருக்குப் பொறுப்பு கூடுகிறதா, குறைகிறதா? கூடுகிறது என்பேன் நான்.

* * *

மறுநாள் காலை பணத்தோடு ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். எக்ஸெல், சைபர், பத்தாவது மாடி எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். காபி வந்தது.

'கணக்கு தப்பினது பரவாயில்லை, தம்பி' என்றார். 'நான் முப்பது வருஷம் பேப்பர் திருத்தியிருக்கேன். டோட்டல் தப்பா இருக்கு சார்னு பையன் வந்து நிப்பான். பாதிப் பேர் சும்மா வருவாங்க, எனக்கும் தெரியும். ஆனா பேப்பரைக் கையில வாங்கி, அவன் எதிர்ல ஒருதரம் கூட்டிப் பாத்துட்டுத்தான் பதில் சொல்வேன்.'

இப்போது எங்கள் மெயின்டனன்ஸ் பில்லின் அடியில் ஒரு வரி அச்சாகிறது: 'கணக்கில் தவறு என்று தோன்றினால் கதவைத் தட்டவும்.' கீழே என் வீட்டு நம்பர். ரசீதுப் புத்தகமும் திரும்பி வந்துவிட்டது.

இதுவரை மூன்று பேர் தட்டியிருக்கிறார்கள். இரண்டு பேர் சொன்னது தப்பு. ஒருவர் சொன்னது சரி.