சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

"என்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு?" என்று கேட்பவர்களோடு நான் இப்போதெல்லாம் வாதம் செய்வதில்லை. உங்கள் போனில் இருப்பதில் பாதி உங்களுடையதே இல்லை என்று மட்டும் சொல்வேன். நண்பன் அனுப்பிய மருத்துவ அறிக்கை, தங்கை அழுதுகொண்டே பேசிய குரல் பதிவு, யாரோ நம்பித் தந்த ஆதார் நகல். எல்லாம் அடுத்தவர் பொருள்.

இதை இன்னும் கூர்மையாக யோசிக்க வைத்தவள் என் தோழி. அவள் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். அவளுடைய போனை அவள் கணவன் தினமும் வாங்கிப் பார்ப்பான். காயங்களின் படங்கள், மிரட்டல் பதிவுகள், வக்கீலுக்கு எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் அவள் எங்கே வைப்பாள்?

நாங்கள் தேர்ந்தெடுத்தது டெய்ல்ஸ். பென்டிரைவிலிருந்தே பூட் ஆகும் லினக்ஸ் அது. 2013இல் ஸ்னோடன் விவகாரத்தில் பத்திரிகையாளர்கள் பயன்படுத்தியதால் வெளியே பிரபலமானது. செருகிய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் நாம் சொல்லாமல் எதையும் எழுதாது. அணைத்தால் நடந்ததை மறந்துவிடும். ஏதாவது தங்க வேண்டும் என்றால், பென்டிரைவிலேயே என்கிரிப்ட் செய்த ஒரு பகுதியை நாமே உருவாக்கி, பாஸ்வேர்ட் போட வேண்டும்.

ஆனால் அப்படியொரு பூட்டிய பகுதி இருப்பது பென்டிரைவைக் கண்டெடுப்பவனுக்குத் தெரிந்துவிடும். டெய்ல்ஸை உருவாக்கியவர்களே இதை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. "பாஸ்வேர்டைச் சொல்லுடி" என்று கையை முறுக்குகிறவன் முன்னால் எந்தக் கணக்கும் நிற்காது. ஆகவே பென்டிரைவ் அவள் வீட்டில் இருக்கக் கூடாது, என்னிடம் இருக்கட்டும் என்று முடிவானது. அடுத்து அவள் சொன்னாள்: "பாஸ்வேர்டையும் நீயே வெச்சுக்கோ. நான் மறந்துட்டா?"

தொழில்நுட்பம் இதற்கு வழி வைத்திருக்கிறது. டெய்ல்ஸ் பயன்படுத்தும் லக்ஸ் முறையில் தகவலைப் பூட்டுவது ஒரு மூலச் சாவி. நம் பாஸ்வேர்ட் அந்தச் சாவியை மட்டும்தான் பூட்டுகிறது. அதனால் ஒரே பூட்டுக்குப் பல பாஸ்வேர்டுகள் இருக்கலாம். லக்ஸின் முதல் பதிப்பில் எட்டு வரை. அவளுக்கொன்று, எனக்கொன்று.

வேண்டாதபோது என்னுடையதை நீக்கிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். நீக்குவதற்கு முன்பே பூட்டின் தலைப்பகுதியை ஒருவர் நகலெடுத்திருந்தால், பழைய பாஸ்வேர்ட் அந்த நகலை வைத்து மூலச் சாவியை எடுத்துக் கொடுத்துவிடும். ஒருமுறை கொடுத்ததை முழுசாகத் திரும்ப வாங்க முடியாது. மனிதர்களிடம் வைக்கும் நம்பிக்கையும் இப்படித்தானே.

எனக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அவளைத் தேடுகிறவர்கள் என்னிடமும் வரலாம். அதைவிட, அவள் வாழ்வின் மிக மோசமான பக்கங்களை எப்போது வேண்டுமானாலும் புரட்டக்கூடியவளாக நான் ஆகிவிடுவேன். புரட்ட மாட்டேன் என்பது என் வாக்குறுதி மட்டும்தான். போனை வாங்கிப் பார்ப்பவனும் "உன் நல்லதுக்குத்தான்" என்றுதான் ஆரம்பித்திருப்பான். எனக்கு மட்டும் தெரிந்து அவளுக்குத் தெரியாமல் இருந்தால் இன்னும் மோசம். தன் வாழ்க்கையைத் திறக்க அவள் என் அனுமதியைக் கேட்டு நிற்க வேண்டும்.

அதனால் மாட்டேன் என்றேன். பென்டிரைவ் என்னிடம். பாஸ்வேர்ட் அவள் மனசில், அவளே தேர்ந்த ஆறு தமிழ்ச் சொற்கள். தெரிந்தால்தான் உதவ முடியும் என்று நாம் நம்புகிறோம். நெருங்கியவர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறோம். படிக்க முடியாத ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பதும் நட்புதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. அவள் அந்த ஆறு சொற்களை மறந்தால், திறந்து கொடுக்க எந்த அலுவலகமும் இல்லை. ஆதாரம் போனால் வழக்கு வலுவிழக்கலாம். இதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பரவால்ல, மறந்தாலும் நான் மறந்ததா இருக்கட்டும்" என்றாள்.