பதினெட்டில் மூடும் கதவு

மனிதன் முதிர்ச்சியடைவது எந்நாள்? பதினெட்டு வயது நிறையும் நாள் என்று சட்டம் விடை பகரும். பல நாடுகளின் மருத்துவமனைகளும் அக்கணக்கையே கைக்கொண்டுள்ளன. நேற்றுவரை சிறார் பிரிவில் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவன், இன்று பெரியோர் பிரிவின் வாயிலில் அறிமுகமற்றவனாய் நிற்கிறான். பலர் அவ்வாயிலிலிருந்தே திரும்பிவிடுகின்றனர்.

நோயோ அக்கணக்கை அறியாது. 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரியதோர் ஆய்வு, மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தொடங்கக் கண்டது. துணை மிகவும் வேண்டப்படும் பருவத்தின் நடுவிலேயே சுவர் எழுந்திருக்கிறது.

ஃபிக்ஹு அறிஞர்கள் உடல் பருவமெய்துவதை ‘புலூக்’ என்றும், அறிவு பக்குவமடைவதை ‘ருஷ்து’ என்றும் பிரித்தறிந்தனர். பருவமெய்திய அநாதையிடமும், பக்குவம் காணுமுன் சொத்தை ஒப்படைக்கலாகாது என்றனர். இமாம் அபூஹனீஃபா அக்காத்திருப்புக்கு 25 வயதை எல்லையாக வகுத்தார். சொத்துக்குக் காட்டிய பொறுமையை உள்ளத்திற்கும் காட்ட வேண்டாமா?

ஆஸ்திரேலியாவில் 2006இல் தோன்றிய ‘ஹெட்ஸ்பேஸ்’ அமைப்பின் நிலையங்கள் 12 முதல் 25 வயது வரையிலானோரை ஏற்கின்றன. உள்ளம், உடல், போதைப்பழக்கம், கல்வி, வேலை ஆகியவற்றுக்கு ஒரே கூரையின்கீழ் உதவி கிட்டுகிறது.

வளர்ந்தவனைக் குழந்தையாய் நடத்துவது அவன் சுதந்திரத்தைப் பறிப்பதாகாதா எனச் சிலர் வினவலாம். துணை நிற்பது வேறு, ஆள்வது வேறு. முடிவு அவனுடையதாகட்டும், கதவு திறந்திருக்கட்டும்.

இளைஞர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பாதி வழியில் கைவிடுவோரை நம்பத்தக்கவர் என எவர் சொல்வார்?