வராத கடிதம்

ஆண்டுதோறும் பிரதேச சபையிலிருந்து மதிப்பீட்டு வரிக் கடிதம் வரும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். ரிவர்ஸ்டன் போகும் வீதியோரத்து என் வீடு ஒரு சதமும் உழைத்துத் தருவதில்லை. குடியிருக்கும் வீட்டுக்கு ஸகாத்தே கிடையாது, அரசுக்கு மட்டும் ஏன் வரி என்று வாப்பா கேட்பார். நானும் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மாரியில் லயத்துப் பாதை இடிந்தபோது, சபைக்கு மனு எழுதித் தரும்படி தோட்டத்து ஆச்சி ஒருவர் வந்தார்.

"நீங்களே போய்க் கேட்கலாமே" என்றேன்.

"ஒங்களுக்குக் கடுதாசி வருது நானா. எங்களுக்கு வாரதில்லையே. எத வச்சிக் கேக்குறது?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

1848இல் இதே மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்ததற்கு வரிகளும் காரணம். நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி. ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும். கேட்ட ஆட்சியைத் திருப்பிக் கேட்க அவர்களுக்கு வழியில்லை.

ஆச்சியின் கதை அதன் மறுபக்கம். லய அறைக்கு உறுதி இல்லை. அதனால் அவர் பெயருக்கு வரியும் இல்லை. ஆனால் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டப்படி, பயிர்ச்செய்கை நிலத்துக்குச் சபை ஏக்கர் வரி அறவிடலாம். அந்த ஏக்கர்களில் கொழுந்து பறிப்பவர் ஆச்சி. அவருடைய லயத்தடிக்குச் சபைப் பணம் போகாமல் தடுத்து நின்றது அதே சட்டத்தின் 33ஆம் பிரிவு. 2018இல்தான் அது திருத்தப்பட்டது.

அப்படியானால் வரி கட்டியவனுக்கே உரிமை என்பதா? இல்லை. பற்றுச்சீட்டைக் காட்டித்தான் பாதை கேட்க வேண்டுமென்றால், ஏழை என்றைக்கும் வாசலில்தான் நிற்பான். ஆச்சியும் வாக்களிக்கிறார், கடையில் வாங்கும் சாமானுக்கு வரி கொடுக்கிறார். குறைவது, அவர் பெயரில் ஒரு வீடும் அவரை ஒரு குடியாக எண்ணி வரும் ஒரு கடிதமும்.

ஒரு வரி நீதியானதா என்று பார்க்கத் தொகையை மட்டும் அளந்தால் போதாது. கொடுக்கிறவர் கணக்குக் கேட்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மனுவை எழுதினேன். முதலில் ஆச்சியின் கையெழுத்து, அதன் கீழே என்னுடையது. அதைக் கொடுக்கப் போன அன்றே என் வரியையும் கட்டினேன். அந்த முறை எரிச்சல் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.