தத்துவம் படிக்க யாருக்கு நேரம்?

1643 மே மாதம் பொஹீமியாவின் எலிசபெத் தத்துவவாதி தெகார்த்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 24. ஆட்சியை இழந்து ஹேக் நகரில் அடைக்கலம் புகுந்திருந்த அரச குடும்பத்தின் மூத்த மகள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவரல்ல. அவர் கேட்டது இதுதான்: ஆன்மாவுக்கு உடல் இல்லை என்கிறீர்கள், அப்படியானால் அது உடலை எப்படி அசைக்கிறது? ஒன்றைத் தள்ள வேண்டுமானால் தொட வேண்டுமே, உடலற்றது எதைக்கொண்டு தொடும்?

தெகார்த்தின் பதில் அவருக்குப் போதவில்லை. அடுத்த மாதமே மறுபடி எழுதினார். அந்தக் கடிதத்தில் இன்னொன்றையும் சொன்னார்: வீட்டு விவகாரங்களையும் தவிர்க்க முடியாத உபசாரங்களையும் கவனிக்க வேண்டியிருப்பதால் சிந்தனையில் நிலைக்க முடியவில்லை. தெகார்த் தம் வழக்கத்தை எழுதி அனுப்பினார். தூய சிந்தனைக்கு ஆண்டில் சில மணி நேரம் மட்டுமே ஒதுக்குகிறாராம். மிச்ச நேரமெல்லாம் பெரும்பாலும் ஓய்வுக்குத்தான். ஓய்வு எடுக்க முடிகிறவரின் அறிவுரை.

இந்தக் கடிதங்களைப் படிக்க இன்று காசு வேண்டாம். ஜோனதன் பென்னட் என்ற தத்துவப் பேராசிரியர் அவற்றை இன்றைய எளிய ஆங்கிலத்தில் திருத்தி எழுதி, 'எர்லி மாடர்ன் டெக்ஸ்ட்ஸ்' என்ற தளத்தில் போட்டிருக்கிறார். 1995இல் தொடங்கிய ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியத்தில் எலிசபெத்துக்கென்றே தனிக் கட்டுரை இருக்கிறது. துறை அறிஞர்கள் பெயர் போட்டு எழுதி, திருத்திக்கொண்டே இருக்கும் களஞ்சியம் அது. பழைய வடிவங்களையும் சேமித்து வைக்கிறார்கள் என்பதால் ஆய்வேட்டில் நம்பி மேற்கோள் காட்டலாம். நூலகத்தில் ஒரு நூலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த என் தலைமுறைக்கு இதெல்லாம் வியப்புதான்.

ஆனால் தேடுபெட்டியில் எதையாவது தட்ட வேண்டுமே. ஆன் கான்வே 1679இல் இறந்தார். அவருடைய நூல் 1690இல் லத்தீனில் வெளிவந்தபோது அதில் அவர் பெயர் இல்லை. இப்படிப் பெயர் அழிக்கப்பட்டவளைத் தேட அந்தப் பெயரை யாராவது முதலில் சொல்லியிருக்க வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தில் 2015இல் தொடங்கிய 'புராஜெக்ட் வாக்ஸ்' இந்த வேலையைத்தான் செய்கிறது. கான்வே, மார்கரெட் கேவண்டிஷ் போன்றோரின் வாழ்க்கை, நூல்கள், வகுப்பில் எடுப்பதற்கான பாடத்திட்டங்கள் எல்லாம் அங்கே கிடைக்கின்றன.

வஞ்சி நகரில் சமயவாதிகளின் வாதங்களைக் கேட்கப் போன மணிமேகலை தன் உருவில் போகவில்லை. மந்திரத்தால் ஆண் துறவியின் உருவெடுத்துத்தான் போனாள். இணையத்தில் அந்த மந்திரம் தேவையில்லை. படிப்பது யார் என்று அந்தப் பக்கம் கேட்பதில்லை. இதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மணிமேகலையின் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவளுக்குச் சமையல் வேலை கிடையாது.

நமக்கு உண்டு. இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதில் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். களஞ்சியத்தின் ஒரு கட்டுரையை ஆங்கில அகராதியோடு உட்கார்ந்து படிக்க என் மாணவிக்கு நான்கைந்து மாலைகள் வேண்டும். அந்த மாலைகள் அவளிடம் இல்லை. "எல்லாம் இலவசமாகக் கிடைக்கிறதே, ஏன் படிக்கவில்லை?" என்று அவளைக் கேட்பது அநியாயம். வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டு, மிச்சப் பழியை அவள் தலையில் கட்டுகிற கேள்வி அது.

இன்னொன்றும் இருக்கிறது. எலிசபெத்துக்கு ஒரு பதில் வந்தது. அது போதவில்லை என்று எழுதினார், மறுபடியும் பதில் வந்தது. களஞ்சியம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் திருப்பிப் பேசாது. சந்தேகத்தை எடுத்துச் செல்ல ஒரு ஆள் வேண்டும். அவர் அதைச் சிரிக்காமல் கேட்கவும் வேண்டும். வாசிப்பதற்கே சம்பளம் வாங்குகிற என் போன்றவர்களின் கடமை இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். நல்ல தளங்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் அது தீர்ந்துவிடாது.

எங்கள் துறையில் வாரம் ஒரு மணி நேரம் இந்தக் கடிதங்களைத் தமிழில் பேசிப் பேசி வாசிக்கிறோம். மாலையில் அல்ல, கால அட்டவணைக்குள்ளேயே. நன்றாகச் சிந்திக்கப் பழகிய ஆன்மா, உடலில் ஏறும் ஏதோ ஓர் ஆவியால் அத்தனையையும் இழந்துவிடுவது எப்படி என்று எலிசபெத் கேட்கும் இடத்துக்கு வந்தோம். ஒரு மாணவி கேட்டாள்: "அம்மா, மாதவிலக்கு நாள்ல எதுவுமே மண்டையில ஏற மாட்டேங்குதே, அதையும் இவங்க கேட்டிருக்காங்களா?"

அடுத்த வாரமும் அதே பக்கத்தில்தான் இருந்தோம்.