நா எழாத வேளை

திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்க அழைத்தால் நம்மில் பலருக்கு உள்ளங்கை வியர்க்கிறது. அன்பியக் கூட்டத்தில் ஒரு மன்றாட்டுச் சொல்லவும் நா எழுவதில்லை. இது புதிய நோயன்று. அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். இளம் வழக்கறிஞரான காந்தி, பம்பாய் நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, வார்த்தை வராமல் அமர்ந்துவிட்டார். வாங்கிய கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார்.

அப்படியானால் இந்த அச்சம் குறையா, குற்றமா?

நம் பாலாற்றங்கரையில் இக்கேள்வி கூர்மை பெறுகிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் பல்லாயிரம் பேருக்குச் சோறிட்ட தோல் தொழிலின் கழிவே கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதை அத்தீர்ப்பு குறிப்பிட்டது. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியையும் உறுதி செய்தது. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று, இழப்பீடு குறித்தும் ஆற்றைச் சீர்செய்வது குறித்தும் அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இந்நெடுங்காலத்தில் கிராம சபைகள் எத்தனையோ கூடின. தண்ணீரின் சுவை மாறியதை முதலில் அறிந்தவர்கள் குடம் சுமந்த தாய்மார்கள். பேச வேண்டிய அவையில் அவர்களுள் பலர் பின்வரிசையில் மௌனமாக அமர்ந்திருப்பதையே நாம் காண்கிறோம். 'என் பேச்சு கொச்சையாயிற்றே, சிரிப்பார்களே' என்பது ஒருவரின் அச்சம். 'என் மகன் அந்தத் தொழிற்சாலையில் அல்லவா கூலி வாங்குகிறான்' என்பது மற்றொருவரின் அச்சம். இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது. முன்னது தன்னைப் பற்றிய கவலை. பிறர் துன்பத்தை நினைக்க நினைக்கத் தேய்வது. பின்னது உலையரிசி பற்றிய கவலை. அதைக் கோழைத்தனம் என்று பழிக்க நமக்கு உரிமையில்லை. ஆனால், கூலியிழக்கும் ஆபத்து இல்லாத நாம் வெறுங்கூச்சத்தால் வாய்மூடியிருந்தால்? அங்கேதான் குறை குற்றமாகிறது.

தமக்குப் பேச்சு வராதென மோசே தயங்கியபோது, ஆண்டவர் அவர் நாவைத் திருத்தவில்லை. ஆரோனைத் துணைக்குத் தந்தார். ஆகவே, அச்சம் நீங்கட்டும், பிறகு பேசுவோம் எனக் காத்திருக்க வேண்டாம். எழுதி வைத்து வாசிக்கலாம். குரல் நடுங்கினால் உண்மை குறைந்துவிடாது. கூலிக்கு அஞ்சுபவர் சொல்ல முடியாததை அவருக்காக நாம் சொல்லலாம். நடுங்கிப் பேசுபவர் அருகில் எழுந்து நிற்கலாம், சிரிக்காமல் கேட்கலாம். அவையை அஞ்சத்தக்கதாக ஆக்குபவர்கள், அதில் அமர்ந்திருக்கும் நாமே அல்லவா?