இது மருந்தா, மயக்கமா?



போன கார்த்திகை மழையில் நம்முடைய வாலிபத் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பைபிள் காலேஜில் டிப்ளமோ வாங்கினவன், பதினைந்து வருஷமாய்ப் பிரசங்க பீடத்தில் நிற்கிறவன், இருபத்துமூன்று வயசுப் பையன் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வியைத்தான் இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். தம்பியைக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அவர் பேரையும் வேலை செய்கிற இடத்தையும் விட்டுவிட்டேன். யாரென்று தேடாதிருங்கள்.

அவர் ஞாயிறு ஆராதனைக்கு வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெபிக்கப் போனேன். மொட்டை மாடியில் தகரம் போட்ட ஒற்றை அறை, நாலு பேர் தங்குகிறார்கள், மற்ற மூவரும் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். படியேறும்போதே வாசனை வந்துவிட்டது. பீடி வாசனை வேறு, இது வேறு. தம்பி போர்வையைச் சுற்றிக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து, உதடு காய்ந்து, மூச்சு கொஞ்சம் வேகமாய் ஓடிக்கொண்டிருந்தது. பாய்க்குக் கீழே பொட்டலம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவரே ஆரம்பித்தார். "ஐயா, மூணு நாளா மாத்திரை போட்டேன், கேக்கல. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குது. ராத்திரி தூக்கமே இல்ல. இதை ரெண்டு இழுப்பு இழுத்தா நெஞ்சு லேசாகுது, வலி தெரியல, தூங்கிடறேன். போதைக்கு இல்லீங்கய்யா, மருந்துக்குத்தான்."

"கஞ்சா மருந்தா தம்பி?"

"செடிதானுங்கய்யா. ஆதியாகமத்துல எல்லாப் பூண்டையும் ஆண்டவர் குடுத்தாருன்னுதானே இருக்கு? நீங்க பிரசங்கத்துக்கு முன்னாடி ஒரு மூடி சிரப் குடிக்கறீங்களே, லேபிள்ல பார்த்தேன், கோடீன்னு போட்டிருக்கு. அது அபின்லேர்ந்து எடுக்கறதுங்கய்யா. அது மருந்துன்னா இது ஏன் பாவம்?"

சகோதரரே, அந்த பாட்டில் அப்போதுகூட என் தோள்பையில் இருந்தது. தலையில் கை வைத்து ஜெபித்தேன் என்று பேர், என்ன ஜெபித்தேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ராத்திரி யோசித்தேன். செடி என்ற வாதம் நிற்காது, அது சுலபம். அரளியும் செடிதான், ஊமத்தையும் செடிதான், எட்டிக்காயும் மரத்தில்தான் காய்க்கிறது. படைக்கப்பட்டது நல்லது என்பதால் எல்லாவற்றையும் எல்லா நேரமும் வாயில் போட வேண்டும் என்று ஆகாது. ஆனால் நம்முடைய பிரசங்கிகள் சிலர் சொல்கிறபடி அது பிசாசின் செடி என்று சொல்லவும் என் மனச்சாட்சி இடங்கொடுக்கவில்லை. ஏனென்றால் அது உண்மை அல்ல. 1839-ம் வருஷம் கல்கத்தா மெடிக்கல் காலேஜில் இருந்த ஓஷானசி என்கிற டாக்டர், இந்தச் செடியின் சத்தை வாத நோய்க்காரருக்கும் வலிப்பு ஜன்னிக்காரருக்கும் கொடுத்துப் பார்த்து எழுதி வைத்தார். அதற்குப் பிறகுதான் மேல்நாட்டு வைத்தியத்தில் அது பரவியது. நம்முடைய நாட்டு வைத்தியத்தில் அதற்கு முன்பே சுத்தி செய்து சில மருந்துகளில் சேர்ப்பதுண்டு. 1964-ல் இஸ்ரவேல் தேசத்தில் மெக்கோலம், கயோனி என்ற இரண்டு பேர், மயக்கம் தருகிற டி.எச்.சி. என்ற பொருளைத் தனியாகப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டுபிடித்தார்கள். 2018-ல் அமெரிக்க அரசாங்கம், சிறு பிள்ளைகளுக்கு வருகிற கடுமையான இரண்டு வகை வலிப்பு நோய்க்கு, இந்தச் செடியிலிருந்து எடுத்த மயக்கமில்லாத வேறொரு பொருளை மருந்தாக அங்கீகரித்தது. புற்றுநோய் சிகிச்சையில் வாந்தி நிற்காதவர்களுக்கும் டி.எச்.சி. வகை மாத்திரை உண்டு. இதையெல்லாம் மறைத்துவிட்டு வாலிபரிடம் பேசினால், அவர்கள் ஒருநாள் படித்துத் தெரிந்துகொண்டு, பாஸ்டர் பொய் சொன்னார் என்பார்கள். அப்புறம் நாம் சொன்ன மெய்யையும் நம்பமாட்டார்கள்.

ஆனால் இந்தப் பட்டியலில் சளி இல்லை, ஜலதோஷம் இல்லை, ஃப்ளூ காய்ச்சல் இல்லை. அதைக் கவனியுங்கள். ஜலதோஷத்தை உண்டாக்குகிற வைரஸ்கள் இருநூறுக்கு மேல். அவை பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாய்ப் போகும். கஞ்சா ஒரு வைரஸையும் கொல்லாது. தம்பி பொய் சொல்லவில்லை, முதல் இழுப்பில் மூச்சுக்குழல் கொஞ்ச நேரம் விரிந்து கொடுப்பது வாஸ்தவந்தான். ஆனால் உள்ளே போவது புகை. பீடிப் புகையில் உள்ள கெட்ட வஸ்துக்களில் பல இதிலும் உண்டு. மூச்சுக்குழலுக்குள் தூரிகை மாதிரி நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன, சளியை மேலே தள்ளி வெளியேற்றுவது அவைதான். வீடு பெருக்குகிறவள் கையைக் கட்டிப்போட்ட மாதிரி, புகை அவைகளைச் சோர்ந்துபோகச் செய்யும். காய்ச்சலில் இதயம் ஏற்கனவே வேகமாய் அடிக்கிறது, கஞ்சா இன்னும் வேகப்படுத்தும். வாய் உலரும், காய்ச்சல்காரனுக்கோ தண்ணீர்தான் அவசியம். சளிக்குப் போடுகிற தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பு. ஒரே சுருட்டை நாலு பேர் இழுத்தால் வியாதியும் நாலு பேருக்கு. (நம்ம வீட்டுப் பாட்டிமார் கொடுக்கிற ரசமும், நொச்சி போட்டு ஆவி பிடிப்பதும் வைரஸைக் கொல்லாதுதான். ஆனால் அதைக் குடித்துவிட்டு யாரும் கதவைச் சாத்திக்கொள்வதில்லை.)

எல்லாவற்றிலும் மோசமானது வேறு. வலி ஆண்டவர் வைத்த மணி. அந்த மணியின் நாக்கைப் பிடித்து நிறுத்திவிட்டால் வீடு தீப்பற்றினாலும் தெரியாது. ஃப்ளூவுக்கு மருந்து உண்டு, அதை முதல் இரண்டு நாளுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். அந்த இரண்டு நாளும் தம்பி சுகமாயிருப்பதாக நினைத்துக்கொண்டு புகைக்குள் படுத்திருந்தார்.

அப்படியென்றால் வியாதிப்பட்டவனுக்கு ஆறுதல் தருகிறதெல்லாம் தப்பா? அப்படியும் சொல்ல மாட்டேன். மருந்தே வேண்டாம் என்கிற சகோதரர்கள், சிலுவையண்டையில் வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை ஆண்டவர் ஏற்றுக்கொள்ளாததைக் காட்டுவார்கள். அது நமக்காகப் பாடுபடப் போனவருடைய தீர்மானம், சளி பிடித்தவனுக்கு எழுதின சட்டம் அல்ல. புற்றுநோய் வலியில் துடிக்கிறவருக்கு மார்ஃபின் போடுகிற டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன், அவருக்காக ஸ்தோத்திரம் பண்ணுவேன்.

எசேக்கியாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையை வைக்கச் சொன்னது ஏசாயா. தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் சொன்னது பவுல். எத்தனையோ தரம் இதைப் பிரசங்கித்திருக்கிறேன், அந்த ராத்திரிதான் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு இடத்திலும் வியாதிக்காரன் தனக்குத்தானே எழுதிக்கொடுக்கவில்லை. வேறொருவன் பார்த்துச் சொன்னான். இன்ன வியாதிக்கு என்று சொன்னான். பவுல் அளவையும் சொன்னார், கொஞ்சம் என்று. யாருக்கும் தெரியாமல், எனக்கு நானே வைத்தியனாகி, அளவையும் நானே வைத்து, நிறுத்துகிற நாளையும் நானே தள்ளிப்போட்டுக்கொண்டு எடுப்பது எதுவோ, அது செடியானாலும் பாட்டிலானாலும் மருந்தின் வேலையைச் செய்யவில்லை. இப்படி நினைத்தபோது எனக்குத் தம்பியின் பொட்டலம் ஞாபகம் வரவில்லை. என் தோள்பைதான் ஞாபகம் வந்தது.

அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று நாள் கன்வென்ஷன் முடிந்து தொண்டை கட்டி இருமல் நிற்காமல், ஒரு டாக்டர் ஐந்து நாளைக்கு அந்த சிரப்பை எழுதிக்கொடுத்தார். இருமல் நின்றது. நெஞ்சுக்குள்ளே ஒரு இதமும் வந்தது. ஐந்து நாள் முடிந்தது. பழைய சீட்டை வைத்துக்கொண்டு மறுபடி வாங்கினேன், பாஸ்டர் என்று மருந்துக்கடையில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு மூடி, அப்புறம் இரண்டு, சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு மூன்று. ஒரு நாள் குடிக்காவிட்டால் மூக்கு ஒழுகும், உடம்பு வலிக்கும், கொட்டாவி வரும், வேர்க்கும். பாருங்கள், சளி திரும்பிவிட்டது என்று என் மனைவியிடம் சொல்லி மறுபடி குடிப்பேன். அவளும் பாவம், மிளகு ரசம் வைத்துத் தருவாள்.

விடியற்காலம் தம்பியின் அறையிலிருந்து போன். மூச்சு வாங்குகிறது என்றார்கள். ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏதாவது பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள்.

"இல்லீங்க மேடம்."

என்னைப் பார்த்தார் தம்பி. நான் வாய் திறந்தால் போலீஸ் வரும் என்று பயம் அந்தக் கண்ணில். நான் மூடிக்கொண்டால் டாக்டர் பாதி தெரிந்து வைத்தியம் பார்ப்பார். அவனைக் காட்டிக்கொடுக்கவும் மனமில்லை, பொய்க்குத் துணைநிற்கவும் மனமில்லை. அந்த இடத்தில் எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. தோள்பையைத் திறந்து பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "டாக்டர், இது ரெண்டு வருஷமா குடிக்கிறேன். சீட்டு ஐந்து நாளுக்குத்தான்." வார்டில் நம்முடைய சபை சகோதரி ஒருத்தர் வேறே இருந்தார்கள். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "மேடம், நான் கஞ்சா அடிச்சேன். நேத்து ராத்திரி கடைசி" என்றார்.

டாக்டரம்மா திட்டவில்லை, போலீஸும் வரவில்லை. எத்தனை நாள், எவ்வளவு, கூட என்ன மாத்திரை என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். எக்ஸ்ரேயில் வலது பக்க நுரையீரலின் அடியில் நிமோனியா. ஆறு நாள் வைத்திருந்தார்கள். என்னிடம், "உங்களுக்கு வர்றது சளியில்ல ஐயா, மருந்து நின்னா உடம்பு கேக்கறது அது. ஒரேயடியா நிறுத்தாதீங்க, ஓ.பி.க்கு வாங்க, குறைச்சுக் கொண்டு வரலாம்" என்றார்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கஞ்சா 1985-ம் வருஷச் சட்டத்தின்படி குற்றந்தான், குடிப்பதும் குற்றந்தான். ஆனால் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, அடிமைப்பட்டவன் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்து முடித்தால், குடித்த குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. பிள்ளைக்கு மூச்சுத் திணறும்போது மானத்தைப் பார்த்து டாக்டரிடம் மறைக்காதிருங்கள். போதை மீட்புக்கு 14446 என்ற அரசாங்க எண்ணும் உண்டு, காசு பிடிக்காது.

என்னைப் பற்றி மூப்பர்களிடம் சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் பீடத்தில் ஏறவில்லை. சிலருக்கு இடறலாயிருந்தது. ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ராத்திரிகள்தான் கஷ்டம். மூக்கு ஒழுகி, கால் குடைந்து, மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பேன். மனைவி ரசம் வைப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

தம்பி இப்போது ஆராதனைக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார். இருமல் இன்னும் முழுக்கப் போகவில்லை. பொட்டலத்தை விட்டுவிட்டாரா என்று உங்களில் பலர் என்னைத் தனியாகக் கேட்டீர்கள். போன ஞாயிறு அவரையே கேட்டேன்.

"ஒரு தடவை விழுந்துட்டேன் ஐயா. அப்புறம் ஓ.பி.ல போய்ச் சொல்லிட்டேன். உங்களுக்கு எப்படி இருக்குது?"

"நாப்பத்தோரு நாள் ஆச்சு தம்பி. நேத்து ராத்திரி கடை வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"வாங்கினீங்களா?"

"கடை மூடியிருந்துச்சு."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். புதன்கிழமை ஓ.பி.க்கு அவருடைய பைக்கில்தான் போகிறோம்.