பல்லியங் கேட்டலும் சைவநெறியும்

செவிக்கு இன்பந் தரும் இசை உயிர்க்குப் பந்தமோ, வீட்டிற்கு நெறியோ என்னும் வினா சைவர்க்குப் புதியதன்று. ஓசை ஐம்புலப் பொருள்களுள் ஒன்றாதலின் அதன்வழிச் சேறல் பிறவிக்கு வித்தாம் என்பர் ஒருசாரார். திருமுறைகள் இறைவனை இசைவடிவினனாகப் போற்றுதலின் இசை கேட்டலே வழிபாடாம் என்பர் மற்றொரு சாரார். பாட்டின் சொற்பொருள் உணரப்படுமிடத்து இவ்வையம் பெரிதும் எழுவதில்லை. சொல்லின்றிக் கருவிகளே ஒலிக்கும் பல்லியத்தைக் கேட்குமிடத்தேதான் இது வலிபெறுகின்றது.

பல கருவிகள் ஒருங்கியைந்து ஒலித்தலைப் பண்டையோர் பல்லியம் என்றனர். குழலைப் பின்பற்றி யாழும், அதனைத் தொடர்ந்து தண்ணுமையும் முழவும் முறையே இயைந்தமையைச் சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை விளங்க உரைக்கும். மேனாட்டுப் பல்லியத்தில் நூற்றுவர் வரையும் அமர்ந்து இசைப்பர். கோலேந்தி நடத்துவோன் ஒருவன் முன்னிற்பான். அத்தகைய குழுவொன்று 2006-ஆம் ஆண்டில் மும்பை நகரத்தே நிறுவப்பெற்றது. 2005-ஆம் ஆண்டில் இளையராஜா திருவாசகப் பாடல்களை மேனாட்டுப் பல்லியத்தோடு இயைத்து வெளியிட்டமையும் அன்பர் அறிவர். திருக்கோயில்களிலோ நாகசுரம், தவில், ஒத்து, தாளம் என்பன கூடிய பெரியமேளமே நமது பல்லியமாம்.

தென்காசி, வடகரை முதலிய ஊர்களுக்கு அணித்தாயுள்ள திருக்குற்றாலம் இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்ற தலமாகும். ஆளுடைய பிள்ளையார் அருளிய திருக்குற்றாலப் பதிகம் குறிஞ்சிப் பண்ணிலும், திருக்குறும்பலாப் பதிகம் காந்தாரப் பண்ணிலும் அமைந்தன. அம்மையின் திருநாமம் குழல்வாய்மொழி. திருக்கோயிலோ சங்கின் வடிவிற்று. சித்திரை விசு, ஐப்பசி விசு, மார்கழித் திருவாதிரை ஆகிய விழாக்களிற் பெரியமேளம் முழங்குங்கால் செவியுடையார் எல்லாரும் அதனைக் கேட்பர். ஆயினும் ஒருவர் பெறும் பயன் பிறிதொருவர் பெறுவதன்று. இவ்வேறுபாடு எதனான் ஆயிற்று?

ஓசை ஆகாயத்தின் குணம். செவி மாயையின் காரியம். இரண்டும் சடமாதலின் அவை தாமாக ஒன்றனை அறியமாட்டா. கண் ஒன்றைக் காணுதற்கு உயிர் உடன்நின்று காட்டியும் கண்டும் உதவுமாறு போல, உயிர் ஒன்றை அறிதற்கு இறைவன் உடன்நின்று காட்டியும் கண்டும் உபகரிப்பன் என்பது சிவஞானபோதம் பதினோராஞ் சூத்திரத்தின் துணிபு. கண்ணுக்கு உரைத்தது செவிக்கும் ஒக்கும். ஆகவே, பல்லியங் கேட்பான் “யான் கேட்டேன், யான் சுவைத்தேன்” என்று கொள்ளுந்துணையும் அது போகமே. கேட்பித்தவனை நினைந்து உருகுங்கால் அதுவே வழிபாடாம். கோலேந்துவோன் தான் ஒலி எழுப்பாது பிறரை ஒலிப்பித்தல் இதற்கு ஒருபுடை உவமையாகும். அவன் இசைப்போர்க்கு வேறாய் எதிர்நிற்பன். இறைவனோ உயிர்க்கு உயிராய் உடன்நிற்பன் என்பதே வேற்றுமை.

அற்றேல், நல்லிசை கேட்பார் தம்மையே மறந்திருத்தல் கண்கூடன்றோ? அந்நிலையே வழிபாட்டின் முடிவன்றோ எனின், அன்று. உறக்கத்தினும் ஒருவன் தன்னை மறக்கின்றான். விழித்த அளவில் அவனது செருக்கும் உடன் விழிக்கின்றது. அவ்வாறே, அவை கலைந்தவுடன் இவர் வாசிப்பு உயர்ந்தது, அவர் வாசிப்புத் தாழ்ந்தது என்று பூசலிடுவோர் பலர். தன்னை மறத்தல் மட்டும் அருளாகாது. தன்னை மறந்து தலைவனை நினைதலே அருள்வழி நிற்றலாம்.

சொல்லில்லா இசையும் வழிபாடாதற்கு ஆனாய நாயனார் சான்றாவர். அவர் திருவைந்தெழுத்தை உள்ளீடாகக் கொண்டு குழல் வாசித்தார். அதனைக் கேட்ட பாம்பும் மயிலும், அரியும் யானையும், புலியும் மானும் பகைமறந்து ஒருங்கு நின்றன என்பர் சேக்கிழார். பகை நீங்குதலே இசையை மெய்யாகக் கேட்டமைக்கு அளவுகோல் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இசையைச் சுவைத்து, இசைப்பாரைக் குலம்பற்றி இழித்தல் என ஒன்றுண்டு. அதனிற் கொடிய போகம் பிறிதில்லை. பாணர் குலத்துத் திருநீலகண்டயாழ்ப்பாணர்க்குத் திருநீலநக்கர் தம் மனையகத்து வேதிகையின் பக்கத்தே இடமளித்தார். அங்கிருந்த வேள்வித்தீ வலஞ்சுழித்து ஓங்கிற்று எனப் பெரியபுராணங் கூறும். இசையை உள்ளே ஏற்று, அதனைத் தந்தவரைப் புறத்தே நிறுத்துவார்க்கு அவ்விசை செவியைக் கடந்து சென்றதில்லை என்க.

திருக்குற்றாலத்துச் சித்திரசபையில் ஆடல்வல்லான் ஓவியமாக எழுந்தருளியுள்ளான். அவன் திருக்கரத்துத் துடி கண்ணுக்குப் புலனாம்; அதன் ஓசை செவிக்குப் புலனாகாது. அவ்வோசையே தோற்றத்திற்கு மூலமென்பர் பெரியோர். பல்லியத்தில் எழும் இசைகள் யாவும் அம்மூலத்தை நினைப்பிக்கும் வாயில்களே. வாயிலிலேயே நின்றுவிடாது உட்புகுந்தானது நெஞ்சம் இறைவன்பால் உருகும். அருகிருந்து கேட்டாரிடத்தும், இசைத்தாரிடத்தும் அன்பு மிகும். அவ்வன்பே பல்லியங் கேட்டலின் பயனாம்.

திருச்சிற்றம்பலம்.